ஆங்கிலம் சரியாக இருக்கும், அர்த்தம் மாறிப்போகும்

'டிஸ்கஸ் அபௌட்' என்று தேவையில்லாமல் ஓர் 'அபௌட்' சேர்த்தால் காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான். சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிடும். குறித்த நாளுக்கு முன்னதாக மாற்றி வைப்பதைச் சொல்லும் 'ப்ரீபோன்' ஆங்கிலமே இல்லை என்று கிண்டல் செய்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அதற்கு இடம் இருக்கிறது. இதற்கெல்லாம் கூச்சப்பட வேண்டாம். வாக்கியம் சரியாகவே இருந்து, கேட்பவர் வேறொன்றாகப் புரிந்துகொள்வதுதான் வம்பு.

அதில் முதலிடம் 'யூஸ்ட் டு'வுக்கு. இன்டர்வியூவில் "ஐ யூஸ்ட் டு ரீட் தி பேப்பர் எவ்ரி மார்னிங்" என்கிறோம். தினமும் படிப்பேன் என்பது நம் எண்ணம். இன்டர்வியூ எடுப்பவர் காதில் விழுவதோ, முன்பு படித்தேன், இப்போது விட்டுவிட்டேன் என்று. தமிழில் 'படிப்பேன்' என்பது இன்றைய வழக்கத்துக்கும் பொருந்தும், 'சின்ன வயதில் நிறையப் படிப்பேன்' என்று பழைய வழக்கத்துக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் 'யூஸ்ட் டு' பழையதற்கு மட்டும்தான். இன்றைய வழக்கத்துக்கு "ஐ ரீட் தி பேப்பர் எவ்ரி மார்னிங்" போதும். 'ஐ ஆம் யூஸ்ட் டு' தனிக் கதை: பழகிவிட்டது என்று பொருள். அதன் பின்னால் வரும் வினைச்சொல்லுக்கு 'இங்' வேண்டும். "ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி."

அடுத்தது 'பை', 'அன்டில்'. "ஐ வில் பி இன் மதுரை அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமை வரை மதுரையில்தான் இருப்பேன். "பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமைக்குள் அங்கே வந்துவிடுவேன். ஹோட்டலில் ரூம் போடுபவருக்கு இரண்டும் ஒன்றாகுமா? தமிழில் 'வரை' சொல்லும் இடத்தில் 'அன்டில்', 'குள்' சொல்லும் இடத்தில் 'பை' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. ரிப்போர்ட்டை முடித்துக் கொடுப்பது எப்போதும் 'பை ஃப்ரைடே'தான்.

ஓர் 'எ' விட்டுப்போனாலும் சிக்கல் உண்டு. "ஐ ஹேவ் எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் ஹியர்" என்றால் இங்கே நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். 'எ' இல்லாமல் "ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்" என்றால், பாவம், யாருமே இல்லாத குறை. 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டுக்கும் இதே வித்தியாசம்தான்.

"ஐ ஹார்ட்லி வொர்க்ட்" என்றால் வேலையே பார்க்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். கடுமையாக உழைத்ததைச் சொல்ல "ஐ வொர்க்ட் ஹார்ட்".

அப்புறம், இந்தியாவுக்குள் ஓடும், வெளியே தடுமாறும் வகை. "ஐ பாஸ்ட் அவுட் இன் 2018" என்றால் நமக்குப் பட்டப்படிப்பு முடிந்த வருடம். அமெரிக்கருக்கு நீங்கள் மயங்கி விழுந்த வருடம்! அவரிடம் 'கிராஜுவேட்டட்' என்றே சொல்லுங்கள். மீட்டிங்கில் "ஐ ஹேவ் எ டவுட்" என்று ஆரம்பித்தால், தான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்றுகூட அவர் நினைக்கலாம். விளக்கம்தான் வேண்டுமென்றால் "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று கேளுங்கள்.