படிக்க உட்கார்ந்தால் கவனம் நிற்கவில்லையா? இப்படித் தொடங்குங்கள்

வீட்டிலிருந்தே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 (தமிழ்நாடு அரசு வேலை) தேர்வுக்குப் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆபீஸ் வேலைக்கும் பெரும்பாலும் இதே முறை சரிப்படும். மன உறுதி இருந்தால் கவனம் தானாக வரும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. உட்காருவதற்கு முன் செய்யும் சின்னச் சின்ன ஏற்பாடுகளில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

படி 1: என்ன செய்யப் போகிறோம் என்று எழுதுங்கள்

"இன்னைக்கு ஹிஸ்டரி படிக்கணும்" என்பது ஆசை, வேலை இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாததால், புத்தகத்தைத் திறந்ததுமே மனசு நழுவப் பார்க்கும். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "பத்தாம் வகுப்பு சமூக அறிவியல். 1806 வேலூர் புரட்சிப் பகுதி. படித்து முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு, பத்து வரி எழுத வேண்டும்." முடிந்ததா இல்லையா என்று சந்தேகமே வராத அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும்.

படி 2: போனை அடுத்த அறையில் வையுங்கள்

கவிழ்த்து வைப்பது, சைலன்டில் போடுவது எல்லாம் அரைகுறை ஏற்பாடு. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சைலன்டில் போட்ட போனை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட வேறு அறையில் வைத்திருந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆய்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும், எழுந்து நடந்துபோய் எடுக்க வேண்டும் என்றால் பாதி தடவை எடுக்க மாட்டோம்.

அவசர அழைப்பு வருமே என்கிறீர்களா? ஹாலில் சத்தமாக ரிங் அடிக்கும்படி வையுங்கள். அடித்தால் கேட்கும், போய் எடுக்கலாம். பாடமே போனில் பி.டி.எஃப். ஆக இருக்கிறது என்றால், டவுன்லோட் செய்துவிட்டு ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அன்றைய பகுதியை மட்டும் பிரின்ட் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

படி 3: கடிகாரம் வையுங்கள்

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்ததும் கொஞ்சம் நீண்ட ஓய்வு. 1980-களின் கடைசியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரிலோ, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கிய முறை இது. இந்த முறைக்குப் பொமோடோரோ என்ற பெயரும் அதனால் வந்ததுதான்; இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. 25 என்பது வேதவாக்கு இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 15-ல் ஆரம்பிக்கலாம். போனில் டைமர் வைக்காதீர்கள், படி 2 வீணாகிவிடும். மேசை அலாரம் கடிகாரமே போதும்.

ஓய்வில் ரீல்ஸ் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், மாடியில் காயும் துணியை எடுத்து வரலாம்.

படி 4: பக்கத்தில் ஒரு சீட்டு

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும்: சிலிண்டர் புக் பண்ணணும். ஹால் டிக்கெட் வந்துடுச்சா? சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைக்கிறது? இந்த எண்ணங்களோடு சண்டை போட வேண்டாம். இரண்டே வார்த்தையில் சீட்டில் குறித்துவிட்டு, விட்ட வரிக்குத் திரும்புங்கள்.

கூடவே எப்போது செய்வது என்றும் எழுதுங்கள்: "சிலிண்டர், 11 மணி." முடிக்காத வேலை மனசுக்குள் வந்து தொந்தரவு செய்யும், ஆனால் அதற்குத் திட்டவட்டமாக ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் அந்தத் தொந்தரவு குறையும் என்று 2011-ல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் கூடுதல் உஷாராக இருங்கள். படிப்பு வேஷம் போட்டு வரும் எண்ணம். "கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது எந்த வருஷம்? யூடியூப்ல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமே." போனால் அரை மணி நேரம் போச்சு. அதையும் சீட்டில் எழுதுங்கள். சுற்று முடிந்ததும் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் (1799).

படி 5: நேரத்தை மெல்ல நீட்டுங்கள்

1948-ல் நார்மன் மேக்வொர்த் என்ற ஆய்வாளர், ஒரு கடிகார முள் எப்போதாவது இரட்டிப்பாகத் தாவுவதைக் கவனித்துச் சொல்லும்படி ஆட்களை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார். முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. ஆகவே, அரை மணி நேரத்தில் அசதி தட்டினால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள்.

ஆனால் தேர்வு மூன்று மணி நேரம், 200 கேள்வி. அதனால் 25 நிமிடம் சுலபமானதும் 35, அப்புறம் 50 என்று கூட்டுங்கள். கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை, காலை 9.30 முதல் 12.30 வரை, எழுந்திருக்காமல் மாதிரித் தேர்வு ஒன்றை முழுசாக எழுதிப் பாருங்கள். ஓ.எம்.ஆர். தாளையும் பிரின்ட் எடுத்து, கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் வட்டங்களை நிரப்புங்கள். அதற்குப் பிடிக்கும் நேரமும் அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான் வரும்.