விவசாய வருமானத்துக்கு வரி விலக்கு: வைத்திருக்க வேண்டிய கணக்கும் ஆவணங்களும்

விவசாய வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை இந்திய அரசமைப்புச் சட்டம் மாநிலங்களிடம் விட்டிருப்பதால், மத்திய அரசின் வருமான வரி அதன் மீது நேரடியாக விழுவதில்லை. இந்த விலக்கு வருமானத்துக்கு உரியதே தவிர, விவசாயி என்ற ஆளுக்கு உரியதன்று. ஆகவே, நிலத்தோடு சம்பளமோ கடையோ வாடகையோ உள்ள குடும்பத்தினர் முதலில் செய்ய வேண்டியது, வீட்டுக்கு வரும் பணத்தில் எது சாகுபடியிலிருந்து வந்தது என்பதைத் தனியே பிரித்து எழுதுவதாகும்.

நெல், மஞ்சள், கரும்பு, தேங்காய் ஆகியவற்றின் விற்பனைப் பணமும், சாகுபடிக்கு விட்ட நிலத்தின் குத்தகையும், நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளின் விலையும் விவசாய வருமானமாகும். பால், கோழி, மீன், தேன் ஆகியவற்றின் வருமானம் தோட்டத்திலேயே கிடைத்தாலும் அவ்வாறு கருதப்படுவதில்லை. காய்த்து நிற்கும் தோப்பை ஏலம் எடுத்துப் பறித்து விற்கும் வியாபாரியின் லாபமும், அறுவடைப் பணத்தை வங்கியில் போட்டுப் பெற்ற வட்டியும் விலக்குக்குள் வரமாட்டா. சொந்த நிலக்கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்பவர், கடலையின் சந்தை விலை வரையிலான பகுதியை விவசாய வருமானமாகவும், அதற்கு மேற்பட்ட லாபத்தைத் தொழில் வருமானமாகவும் காட்ட வேண்டும்.

ஆவணங்களைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். ஏனெனில், உண்மையாகவே உழுது விளைவித்தவர்கள்கூட, கையில் காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் விசாரணையின்போது தடுமாறிப் போகிறார்கள். பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். அந்த நிலத்தில் என்ன பயிர் இருந்தது என்பதைச் சொல்வது அடங்கல். வரிக் கணக்கில் மஞ்சள் விற்ற பணம் காட்டப்பட்டிருக்க, அடங்கலில் அதே புல எண் தரிசு என்று பதிவாகியிருந்தால், பிறகு எத்தனை விளக்கம் சொன்னாலும் எடுபடுவது கடினம். எனவே பயிர் நிலத்தில் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடங்கல் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டின்படி எழுதப்படுகிறது. வருமான வரியோ ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டைப் பார்க்கிறது. அதனால் 2025-26 நிதியாண்டுக்கு 1434, 1435 ஆகிய இரண்டு பசலிகளின் அடங்கலும் தேவைப்படும். இவற்றோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், நேரடி நெல் கொள்முதல் நிலையம் அல்லது கமிஷன் மண்டி கொடுத்த சீட்டுகளையும், விதை, உரம், உழவு, ஆள் கூலி ஆகிய செலவுகளைத் தேதிவாரியாக எழுதிய ஒரு நோட்டையும் சேர்த்து வையுங்கள். குத்தகைக்கு எடுத்து உழுபவர் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், புல எண்ணும் தொகையும் குறித்த ஒப்பந்தம் ஒன்றை எழுதிக்கொள்வது மிகவும் அவசியம்.

வரி இல்லையென்றாலும், மற்ற வருமானத்தின் வரியைக் கணக்கிடும்போது விவசாய வருமானம் சேர்த்துக்கொள்ளப்படும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரி இல்லாத அடிப்படை வரம்பைத் தாண்டினால் இந்த முறை பொருந்தும். கழிவுகள் போக 16 லட்சம் ரூபாய் மற்ற வருமானமும் 4 லட்சம் ரூபாய் விவசாய வருமானமும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-26-இன் புதிய வரி முறையில் மொத்தம் 20 லட்சத்துக்கு வரி 2,00,000 ரூபாய். விவசாய வருமானத்தோடு அடிப்படை வரம்பான 4 லட்சத்தைச் சேர்த்து வரும் 8 லட்சத்துக்கு வரி 20,000 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 1,80,000 ரூபாயும் அதன் மீது செஸ் எனப்படும் 4 சதவீத கூடுதல் தீர்வையும் அவர் கட்ட வேண்டியவை. விவசாய வருமானத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் 1,20,000 ரூபாய்தான் வந்திருக்கும் என்பதால், அதை மறைத்தவருக்குப் பின்னாளில் 60,000 ரூபாய் வரியும் வட்டியும் வந்து சேரும். நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் உள்ள மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், ஏக்கர் பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்ற விவரங்களையும் வரிப் படிவத்தில் நிரப்ப வேண்டும்.

விளைபொருளை விற்கும்போது, ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே விற்பனைக்காகவோ 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஒரே விற்பனையின் பணத்தைப் பல நாட்களாகப் பிரித்து வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

நிலத்தையே விற்பவர்களுக்கு விதி வேறு. கிராமப்புற விவசாய நிலத்தின் விற்பனை லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகராட்சி போன்ற உள்ளாட்சியின் எல்லைக்குள் மக்கள்தொகை 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த எல்லைக்குள் அமைந்த நிலம் கிராமப்புற நிலமாகாது. எல்லைக்கு வெளியே, மக்கள்தொகை 10,000-ஐத் தாண்டி 1 லட்சம் வரை இருந்தால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை இருந்தால் 6 கிலோமீட்டர், அதற்கு மேற்பட்டால் 8 கிலோமீட்டர் வரை உள்ள நிலமும் விலக்கை இழக்கும். இந்தத் தூரம் சாலை வழியாக அன்றி நேர்கோட்டில் அளக்கப்படுவதால், பேருந்துக் கணக்கை நம்பாமல், கிரயம் பதிவு செய்வதற்கு முன்பே வருவாய்த் துறையிடம் தூரச் சான்று பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.