குளிரில் விழாத இரண்டாவது கியர்: என் அனுபவம்

மார்த்தாண்டத்தில் ஒழுங்காக ஓடும் கார்தான். டிசம்பரில் மூணாறு போனால் மட்டும் விடிகாலையில் இரண்டாவது கியர் விழாது. லிவர் பாதியில் கெட்டியாக நிற்கும். அமுக்கித் தள்ளினால் 'கரக்'. சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் சரியாகிவிடும். ஊருக்கு வந்து ஒர்க்ஷாப்பில் காட்டினால், "ஒண்ணும் இல்லியே அண்ணே" என்பார்கள். அவர்கள் ஓட்டிப் பார்ப்பது சூடான வண்டியை அல்லவா!

கிளட்ச் கேபிளைச் சரிசெய்தோம், கியர் லிங்கேஜ் புஷ் மாற்றினோம். பலனில்லை.

துப்புக் கிடைத்தது ரிவர்ஸில். அந்தக் குளிரிலும் அது சத்தமே இல்லாமல் விழுந்தது. கிளட்ச் முழுதாக விடவில்லை என்றால் ரிவர்ஸ்தான் முதலில் கத்தும். அப்புறம், நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்தால் இரண்டாவதும் இறங்கியது. ஆக, கிளட்ச் அல்ல. சிங்க்ரோ வளையம் (கியர் விழும் முன் உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம்) பிடிக்கவில்லை.

பழைய சர்வீஸ் பில்லைத் தேடினேன். கியர்பாக்ஸில் ஊற்றியிருந்த ஆயில் 80டபிள்யூ-90 (கெட்டித்தன்மை), ஜிஎல்-5 (தர வகை). வண்டியின் கையேடு கேட்பது 75டபிள்யூ-80, ஜிஎல்-4. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறைந்தால் குளிரில் ஆயில் இளகலாக இருக்கும்; கெட்டியாக இருந்தால் வளையம் சரியாகப் பிடிக்காது. ஜிஎல்-5இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கை அதிகம். டிஃபரன்ஷியலுக்கு (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) நல்லது, பித்தளைச் சிங்க்ரோவுக்குப் பல நேரம் ஒத்துவராது.

கையேட்டில் சொன்னதையே மாற்றினேன். அடுத்த மூணாறு பயணத்தில், விடிகாலையிலேயே இரண்டு விரலால் கியர் விழுந்தது.

மாற்றும்போது ஒன்று: முதலில் மேலே உள்ள, ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றுங்கள். பழைய ஆயிலை இறக்கிய பிறகு அந்தப் போல்ட் துருப்பிடித்து வராமல் போனால் வண்டி அங்கேயே கிடக்கும்.