நற்கருணை நேரத்து டீயை நிறுத்தியது எப்படி

பாளையங்கோட்டையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டு, ஆண்டவருடைய பந்தியான நற்கருணையில் அப்பமும் ரசமும் வாங்கச் சேருகிற சடங்கு திடப்படுத்தல். 16 வயதில் எடுக்கவேண்டிய அதை 43 வயதில்தான் எடுத்தேன். இடையில் 27 வருஷமும், பிரசங்கம் முடிந்து நற்கருணை ஆரம்பிக்கும்போது மேற்கு வாசல் வழியாக நைசாக நழுவி, எதிரே டீக்கடையில் நிற்பேன். காணிக்கைக் கவர் ஒரு மாசம் தவறியதில்லை. அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, அரிசி மூட்டை கொடுத்திருக்கிறேன். ஆண்டவருடைய பந்திக்கு மட்டும் போகவில்லை.

என்னைப்போல இழுத்தடிக்கிறவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்ததை எழுதுகிறேன்.

முதலில், எது தடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். குடி, சூது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதியது இது: பிளஸ் டூ பரீட்சை, டிப்ளமா, தங்கச்சி கல்யாணம், கடை அட்வான்ஸ், வீட்டு லோன், மகள் காலேஜ் சீட். ஒன்றுகூடப் பாவமில்லை. சிக்கலே அதுதான். பைபிளில் லூக்கா 14இல் விருந்துக்கு வராமல் சாக்கு சொன்ன மூன்று பேரைப் பாருங்கள். ஒருவன் வயல் வாங்கினவன், ஒருவன் ஐந்தேர்மாடு (ஐந்து ஜோடி உழவுமாடு) வாங்கினவன், ஒருவன் புதுமாப்பிள்ளை. திருடப் போகிறேன் என்று எவனும் சொல்லவில்லை. பாவமென்றால் மனசாவது குத்தும். கடமையென்றால் ஊரே மெச்சும், நமக்கும் உறைக்காது.

எழுதியதற்குப் பக்கத்தில் ஒவ்வொன்றும் முடிந்த வருஷத்தைப் போடுங்கள். என் பட்டியலில் ஒன்று முடியுமுன்னே அடுத்தது ஆரம்பித்திருந்தது. ‘செட்டில் ஆனபிறகு’ என்று நான் காத்திருந்த இடைவெளி அதில் எங்கேயும் இல்லை.

பிறகு ஒரு தேதி வையுங்கள். கடையின் ஜிஎஸ்டி 3பி வரிக்கணக்குத் தாக்கலுக்கு மாசாமாசம் 20ஆம் தேதி. தாண்டினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். அதனால் காய்ச்சலோடு உட்கார்ந்தாவது முடித்துவிடுகிறேன். ஆண்டவருக்கு மட்டும் தேதியே வைக்காமல் இருந்தேன். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். ‘ஈஸ்டருக்கு முன்னால் ஐயரைப் பார்க்கணும்’ என்று எழுதி, வீட்டுக்காரியிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருந்தால் அந்தத் தேதியும் ஓடியிருக்கும்.

கேட்கிறதே போதும் என்று இருந்துவிடாதீர்கள். இதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். அப்போஸ்தலர் 24இல் வரும் ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ், தன் காவலில் இருந்த அப்போஸ்தலன் பவுல் பேசக் கேட்டுப் பயந்தவன். ‘எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்’ என்றான். அழைக்காமலும் இல்லை, லஞ்சம் கிடைக்கும் என்ற நப்பாசையில் அடிக்கடி அழைத்துப் பேசினான். இரண்டு வருஷம் ஓடிற்று, வேறொருவன் பதவிக்கு வந்துவிட்டான், பவுல் அதே காவலில். நானும் கடையில் பிரேக் ஷூ எடுத்துக்கொடுத்தபடியே யூடியூபில் தினம் ஒரு பிரசங்கம் கேட்டவன்தான். ‘அருமையான செய்தி’ என்று நாலு பேருக்கு அனுப்பியும் வைப்பேன்.

போனைப் பற்றி ஒரே பேச்சு: வேதம் வாசிக்க அச்சடித்த புத்தகம் வாங்குங்கள். போனில் திறந்தால் இரண்டாம் வசனத்துக்குள் டீலர் குரூப்பில் செயின் ஸ்ப்ராக்கெட் விலை வந்து நிற்கும். என் போன் இப்போது ராத்திரி அடுப்படியில் சார்ஜ் ஏறுகிறது. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம். நாளுக்கு ஒன்று வாசித்தால் 16 நாள். அதில் தொடங்குங்கள்.

பெரிய பொருத்தனை வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தவக்கால) நாட்களில் 40 நாளும் கறி தொடமாட்டேன் என்று ஒரு வருஷம் சபதம் போட்டேன். கறியைத் தொடவில்லை. ராத்திரி 11 வரை ஐபிஎல் பார்த்தேன். டிவியை விற்றுவிட்டேன் என்று பெருமையடித்த சொந்தக்காரர் ஒருவர் இப்போது அதைவிடப் பெரிதாக வாங்கி மாட்டியிருக்கிறார்.

வெட்கத்தை மட்டும் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டும். திடப்படுத்தல் வகுப்பில் என்னோடு உட்கார்ந்ததெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பத்துக் கட்டளை சொல்லும்போது ஏழாவதையும் எட்டாவதையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். பின்பெஞ்சில் ஒரே சிரிப்பு. பக்கத்திலிருந்த பையன் மெதுவாக, ‘அங்கிள், விபசாரம் முதல்ல, களவு அடுத்து’ என்று எடுத்துக் கொடுத்தான். பேராயர் தலையில் கை வைத்த அன்று எனக்கு முன்னால் முழங்காலில் நின்றவனும் அவன்தான்.

கடையை ஞாயிறு மதியம் வரை திறப்பதில்லை. மார்ச் கடைசியில், ஸ்டாக் எடுக்கிற வாரம் மட்டும், இன்னும் கை அரிக்கிறது; போன வருஷம் ஒரு ஞாயிறு திறந்தும்விட்டேன்.

திடப்படுத்தல் முடிந்து ஒரு மாசம் கழித்து, டீக்கடைக்காரர் தெருவில் மறித்தார். ‘என்ன அண்ணாச்சி, கோயில் நேரத்துல இப்பல்லாம் ஆளையே காணோமே? உடம்புக்கு முடியலையா?’

‘உள்ளதான் இருக்கேன்,’ என்றேன்.