கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட்: சாம்பிள நீங்களே எடுக்குறது எப்படி

களையெடுப்பு நடக்குறப்ப கூலிய விட்டுட்டு யாரு ஆஸ்பத்திரிக்கு போவா, அதுலயும் காலை அகட்டி படுக்கணும்னு தெரிஞ்சா "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு நழுவிடுறாங்க, நம்ம டெல்டா பக்கம் முக்கால்வாசி பேரு இப்படித்தான். இந்த புத்துநோய்க்கு அனேகமா எப்பவுமே எச்பிவி வைரஸ்தான் காரணம், அது புத்துநோயா மாற பல வருஷம் எடுக்கும், நடுவுல புடிச்சிட்டா சின்ன வைத்தியத்துலயே சரியாயிடும். அந்த வைரஸ் இருக்கான்னு பாக்க நாமளே சாம்பிள் எடுக்கலாம், 2021ல வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்லயே இது இருக்கு. பொதுவா 30 வயசுலேர்ந்து பாக்கணும்.

மாசமா இருந்தா நீங்களா எடுக்காதீங்க, டாக்டர கேளுங்க. பீரியட்ஸ்னா முடியட்டும். ரெண்டு நாள் முன்னாடியிலேர்ந்து உள்ள க்ரீம், மாத்திரை எதுவும் வேணாம், உறவும் வேணாம்.

சாம்பிள் எடுக்க குடுக்குற கிட்ல நீளமா ஒரு குச்சி, முனையில பஞ்சோ பிரஷ்ஷோ இருக்கும், கூட ஒரு ட்யூப். வயல்லேர்ந்து வந்த கையோட தொடாதீங்க, நகத்து சேறு போற அளவுக்கு சோப்பு போட்டு கழுவுங்க. நம்ம வீட்டு பாத்ரூம் தரை எப்பவும் ஈரமாத்தான் கெடக்கும், குச்சி கீழ விழுந்தா அவ்ளோதான், அதனால ட்யூப் மூடிய முன்னாடியே லூஸ் பண்ணி கைக்கெட்டுற மாதிரி வச்சிக்கங்க. ஒரு காலை முக்காலி மேல வச்சோ குந்தியோ உடம்ப தளத்திக்கிட்டு, பிறப்புறுப்புக்குள்ள ரெண்டு அங்குலம் போல மெதுவா விட்டு, கிட் பேப்பர்ல போட்டிருக்குற நேரம் சுத்துங்க, பெரும்பாலும் 10லேர்ந்து 30 செகண்ட்தான். கர்ப்பப்பை வாய தேடி கண்டுபுடிக்கணும்னு இல்ல, இதுக்குத்தான் நிறைய பேரு பயப்படுறாங்க, வைரஸ் அங்க இருந்தா பக்கத்து சுவத்துலயும் கெடைக்கும். அப்புறம் முனை எதுலயும் படாம ட்யூப்ல போட்டு இறுக்கி மூடி, பேரு தேதி எழுதி, சொன்ன நாளுக்குள்ள கிட் குடுத்தவங்ககிட்ட குடுத்துடுங்க.

ஃபார்ம்ல போன் நம்பர் கேட்டா மவன் நம்பரையோ வீட்டுக்காரர் நம்பரையோ எழுதாதீங்க அக்கா! ரிசல்ட் அவங்களுக்கு போயி, அவங்க மறந்து, இல்ல சொல்ல கூச்சப்பட்டு, விஷயம் அங்கயே நின்னுடும். உங்களுக்கு போன் இல்லன்னா கிராம நர்ஸ்கிட்டயே சொல்லிவச்சி கேட்டுக்கங்க.

நெகட்டிவ்னா அடுத்து 5 வருஷம் கழிச்சி பாத்தா போதும். பாசிட்டிவ்னா புத்துநோய்னு அர்த்தமே இல்ல, பெரும்பாலும் வைரஸ் ரெண்டு வருஷத்துக்குள்ள தானா போயிடும், ஆனா போயிடும்னு விட்டுடவும் கூடாது, ஏன்னா இந்த வைரஸ்ல 16, 18ன்னு ரெண்டு வகைதான் இந்த நோய்ல சுமார் 70 சதவீதத்துக்கு காரணம். அதனால பாசிட்டிவ்னா டாக்டர் நேர்ல பாத்தே ஆகணும், ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா தேவைப்பட்டா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ எழுதிக் குடுப்பாங்க, குறுவை அறுப்பு முடியட்டும்னு தள்ளிப்போடாதீங்க.

உறவுக்கப்புறம் ரத்தம், வயசாயி தீட்டு மொத்தமா நின்ன பின்னாடி திரும்ப ரத்தம், நாத்தத்தோட வெள்ளைப்படுதல், இதுல ஒண்ணு இருந்தாலும் இந்த கிட்டை தொடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.