அமெரிக்க காங்கிரசும் ஆர்மீனியர் கோரிக்கைகளும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி கட்டுரை ஒன்றை அனுப்பிப் பார்த்துத் தரச் சொன்னான். அமெரிக்காவில் வாழும் ஆர்மீனியர்களின் கோரிக்கைகளுக்கு அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் எப்படித் துணை நிற்கிறார்கள் என்பது பற்றி. உழைத்திருக்கிறான், தெரிந்தது. மூன்றாவது பத்தியில், ‘அசர்பைஜான் அரசுக்கு அமெரிக்கா உதவி செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது’ என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிட்டத்தட்ட அதே சொற்களில் நானும் ஒரு காலத்தில் எழுதி மாட்டிக்கொண்டவன்தான்.

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதிப் பிழைப்பவன் நான். இந்த விஷயத்தை எழுத வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். பெயரைப் பிழையாக எழுதுவது, மாநிலத்தை மாற்றிப் போடுவது இதெல்லாம் ஒருமுறை சரிபார்த்தால் போய்விடும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு சபை தீர்மானம் போட்டால் அமெரிக்காவே சொன்னதாக எழுதுவது

2019 அக்டோபர் 29 அன்று, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு சபைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபை, 1915இல் இன்றைய துருக்கிக்கு முன்னோடியான ஓட்டோமான் ஆட்சியில் தொடங்கிய ஆர்மீனியர் இனப்படுகொலையை அங்கீகரிக்கும் தீர்மானத்தை 405-11 என்ற கணக்கில் நிறைவேற்றியது. மறுநாள் தமிழில் பல இடங்களில் ‘இனப்படுகொலை என ஏற்றது அமெரிக்கா’ என்று தலைப்பு. அது அந்த ஒரு சபையின் கருத்து மட்டுமே. அதிபர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அவரை அது கட்டுப்படுத்தவும் செய்யாது. இன்னொரு சபையான செனட்டில் இதே போன்ற தீர்மானம் வந்தபோது மூன்று முறை, முறைக்கு ஒருவராக, ரிபப்ளிகன் உறுப்பினர்கள் எழுந்து தடுத்தார்கள். அப்புறம் டிசம்பர் 12 அன்று யாரும் எதிர்க்காமல் நிறைவேறியது. சரி, இப்போதாவது அமெரிக்கா ஏற்றுவிட்டதா என்றால், சில நாட்களில் வெளியுறவுத் துறை ‘நிர்வாகத்தின் நிலைப்பாடு மாறவில்லை’ என்று அறிவித்தது. மாறியது 2021 ஏப்ரல் 24 அன்று, பைடனின் அறிக்கையில்.

‘இனப்படுகொலை என்ற சொல்லைச் சொன்ன முதல் அதிபர் பைடன்’

1981 ஏப்ரலில் அதிபர் ரீகன் வெளியிட்ட பிரகடனத்தைப் படித்துவிட்டு வாருங்கள், அந்தச் சொல் அதிலேயே இருக்கிறது.

தடையைப் படித்துவிட்டு விலக்கைப் படிக்காமல் விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் கிளப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு, புதிதாகப் பிறந்த நாடுகளுக்கு உதவ அமெரிக்கா 1992இல் ஒரு சட்டம் போட்டது. அதன் 907ஆம் பிரிவு, ஆர்மீனியா மீதும் இரு நாடுகளும் மோதிக்கொண்ட நகோர்னோ-கராபாக் பகுதி மீதும் அசர்பைஜான் நடத்தும் முற்றுகைகளையும் தாக்குதல்களையும் நிறுத்தக் கண்ணுக்குத் தெரியும்படி நடவடிக்கை எடுக்கிறது என்று அதிபர் முடிவுசெய்து காங்கிரசுக்குத் தெரிவிக்கும்வரை, அந்த அரசுக்கு உதவி கிடையாது என்கிறது. ஆர்மீனிய அமைப்புகளும் அவர்களோடு நின்ற உறுப்பினர்களும் இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வெற்றி இது. தீர்மானம் மாதிரி வெறும் கருத்து இல்லை, சட்டமேதான்.

ஆனால் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு கதை திரும்பியது. ஆப்கானிஸ்தானுக்குப் போகும் விமானங்களுக்கு அசர்பைஜானின் வான்வழி தேவைப்பட்டது. 907ஐ நீக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதிபர் ஆண்டுக்கு ஒருமுறை விலக்கு தரலாம் என்று காங்கிரசே ஒரு கதவைத் திறந்துவைத்தது. பயங்கரவாத எதிர்ப்புக்கு உதவும், அமெரிக்கப் படைகளின் தயார்நிலைக்கு உதவும், அமைதிப் பேச்சைக் கெடுக்காது என்பது போன்ற காரணங்கள் சொன்னால் போதும். 2002 ஜனவரியில் புஷ் முதல் விலக்கைத் தந்தார். பிறகு ஒபாமா, டிரம்ப், பைடன் என்று யார் வந்தாலும் அந்தக் கையெழுத்து மட்டும் பல ஆண்டுகள் தவறாமல் விழுந்தது.

இது எதுவும் எனக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ளும் பொறுமை இல்லை. 2020 இலையுதிர்காலத்தில் கராபாக்கில் 44 நாள் போர் நடந்தபோது ஓர் அச்சு இதழுக்கு நான்கு பக்கக் கட்டுரை எழுதினேன். சட்டத்தின் மூலத்தையே எடுத்துப் படித்தேன் என்ற கர்வம் வேறு. ‘அசர்பைஜானுக்கு ஒரு டாலர்கூடத் தர முடியாதபடி அமெரிக்காவின் கை கட்டப்பட்டிருக்கிறது’ என்று எழுதி, கட்டுரையின் மொத்த வாதத்தையும் அந்த ஒரு வாக்கியத்தின் தலையில் ஏற்றி வைத்தேன். இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பினார். ‘ஐயா, விலக்கு என்று ஒன்று இருக்கிறதே, பார்த்தீர்களா?’ என்று ஒரே வரி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இணையமாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தியிருக்கலாம், அச்சில் என்ன செய்வது? அடுத்த இதழின் ஓரத்தில் ஐந்து வரித் திருத்தம் வந்தது, அதற்குப் பிறகு அந்த இதழில் எனக்கு வெளிநாட்டுப் பக்கம் வரவே இல்லை.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. 2021 ஏப்ரலில் பைடன் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லைச் சொன்னார் அல்லவா, ஏறக்குறைய அதே நாட்களில்தான் அவருடைய நிர்வாகம் அந்த ஆண்டுக்கான 907 விலக்கையும் தந்தது. ஒரு செய்தி உலகம் முழுக்க முதல் பக்கத்தில் வந்தது, மற்றதைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. வெளியுறவுக் கொள்கை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் காட்டுவேன்.

அதனால் தம்பி, ‘தடை’ என்று எழுதும் முன் அந்தத் தடையை யார், எப்போது, என்ன காரணம் சொல்லித் தளர்த்தலாம் என்று தேடு. பிறகு கடைசி விலக்கு எப்போது வந்தது என்று அவர்களுடைய அரசிதழில் பார். 2023இல் கதை மறுபடி மாறியது. அந்த ஆண்டு முந்தைய விலக்கு காலாவதியானதும் புதியது தரப்படவில்லை; நவம்பரில், விலக்கு தரும் அதிகாரத்தை இரண்டு ஆண்டுக்கு முடக்கும் மசோதாவை செனட் ஒருமனதாக நிறைவேற்றியது. அதை வைத்து ‘கதவு மூடியது’ என்று எழுதியவர்கள் உண்டு. பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறவே இல்லை. 2025 ஆகஸ்ட் 8 அன்று ஆர்மீனிய, அசர்பைஜான் தலைவர்கள் இருவரும் வாஷிங்டனில் இருந்தபோதே டிரம்ப் விலக்கில் கையெழுத்திட்டார். 907ஆம் பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

இணைக் கையெழுத்தை ஓட்டாக எண்ணுவது

2007இல் இனப்படுகொலை அங்கீகாரத் தீர்மானத்துக்கு சபையின் பெரும்பான்மையை எட்டும் அளவுக்கு இணை முன்மொழிவாளர்கள் சேர்ந்திருந்தார்கள். அக்டோபர் 10 அன்று வெளியுறவுக் குழுவில் 27-21 என்று தேறியது. துருக்கி தன் தூதரை ஆலோசனைக்குத் திரும்ப அழைத்தது, துருக்கி வழியாக ஈராக்குக்குச் சரக்கு போகும் வழி என்ன ஆகுமோ என்ற பயம் வந்தது, அதிபர் புஷ் வெளிப்படையாக எதிர்த்தார். கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராகப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மாதம் முடிவதற்குள் கொண்டுவந்தவர்களே ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

குழுவில் தேறியதும் கொண்டாடுவது

2010இலும் இதே போன்ற தீர்மானம் வெளியுறவுக் குழுவில் 23-22 என்று தேறியது. சபைக்கு வரவே இல்லை.

‘எல்லாம் ஓட்டுக்காகத்தான்’

ஆர்மீனியர்கள் நிறைய வாழும் கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் தொகுதிக்காரர் பேசினால் இந்த விளக்கம் பொருந்தும். கான்சாஸ்காரரான பாப் டோல் ஏன் 1990இல் செனட்டில் இனப்படுகொலைத் தீர்மானத்துக்காக அப்படிப் போராடினார்? இரண்டாம் உலகப் போரில் அவருக்கு வலது கை செயலிழந்தது. சிகாகோவில் ஹம்பர் கெலிகியன் என்ற ஆர்மீனிய அறுவை மருத்துவர் கட்டணம் வாங்காமல் பலமுறை அறுவை சிகிச்சை செய்தார். அவரிடமிருந்துதான் டோல் ஆர்மீனியர் கதையைக் கேட்டார். ஓட்டுக் கணக்குப் போட்டிருந்தால் அவருக்கு நாலு ஓட்டுகூடக் கூடுதலாக வந்திருக்காது.

2019க்கும் இதே பாடம்தான். அந்த அக்டோபரில் துருக்கி வடக்கு சிரியாவுக்குள் படை அனுப்பியிருந்தது, உறுப்பினர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். இனப்படுகொலைத் தீர்மானம் நிறைவேறிய அதே நாளில் துருக்கி மீது தடை விதிக்கும் மசோதாவையும் சபை நிறைவேற்றியது. ஆர்மீனிய அமைப்புகள் பல பத்தாண்டுகளாகத் தட்டிய கதவுதான், ஆனால் அன்றைக்குத் திறந்ததில் துருக்கி மீதான கோபத்துக்கும் பங்கு உண்டு.

கட்சிச் சண்டையாக எழுதுவது

1995இல் ஆர்மீனிய விவகாரங்களுக்கான காக்கஸை, அதாவது உறுப்பினர் குழுவை, தொடங்கியவர்கள் ஃபிராங்க் பல்லோன், ஜான் போர்ட்டர். முதலாமவர் டெமாக்ரட், இரண்டாமவர் ரிபப்ளிகன்.

புலம்பெயர்ந்தவர்களும் யெரெவானில் இருக்கும் ஆர்மீனிய அரசும் ஒரே குரல் என்று நினைப்பது

2009 அக்டோபரில் துருக்கியோடு உறவை ஏற்படுத்த ஆர்மீனிய அரசு சூரிச்சில் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. அதற்கு முன் அதிபர் சர்க்சியான் பாரிசுக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் போய்த் தன் மக்களையே சமாதானப்படுத்த வேண்டியிருந்தது, போன இடத்தில் ஆர்ப்பாட்டம். ஆகவே ‘ஆர்மீனியர்களின் கோரிக்கை’ என்று எழுதும்போது எந்த ஆர்மீனியர்கள் என்று உடனே அடுத்த வார்த்தையில் சொல்லிவிடுங்கள்.

காக்கஸும் காகசஸும்

சிரிக்காதீர்கள். முன்னது வாஷிங்டனில் உறுப்பினர்கள் கூடும் குழு, பின்னது ஆர்மீனியா இருக்கும் மலைப்பகுதி. எழுத்து திருத்துகிறவர் ‘ஏதோ விட்டுப்போச்சு’ என்று ஒன்றை மற்றதாக்கிவிடுவார். ஆர்மீனியன் தெருவை அரண்மனைக்காரன் தெருவாக்கிய ஊர் நம் சென்னை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. தம்பியின் கட்டுரையிலேயே ‘காகசஸில் உறுப்பினராகச் சேர்ந்தார்’ என்று இரண்டு இடத்தில் இருந்தது.