சேர்வராயன் மலையில் ஒரு நாள் சித்தர் நெறியில் இருப்பது எப்படி?

சேலத்தை அடுத்த இளம்பிள்ளைக்கு அருகே, கஞ்சமலை அடிவாரத்துச் சித்தேசுவர சுவாமி கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். மூப்பை நீக்கும் மூலிகையைத் தேடி வந்த திருமூலர் காடெல்லாம் அலைந்துகொண்டிருக்க, அடுப்பருகே இருந்த முதிய சீடர் காலாங்கி நாதர் கையில் அகப்பட்ட ஒரு குச்சியால் சோற்றைக் கிளறினாராம், சோறு கறுத்துப்போனது, அதைக் குருவுக்குப் படைக்க அஞ்சித் தாமே உண்டவர் இளைஞராகிவிட்டார். இளம்பிள்ளை என்ற ஊர்ப்பெயரே அதனால் வந்தது என்பார்கள். தேடி அலைந்தவருக்கு அகப்படாதது, அன்றாடச் சமையலைச் செய்துகொண்டிருந்தவர் கைக்கு வந்தது என்பதுதான் இக்கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம். ஆகவே மலைக்குச் சென்று சித்தரைத் தேடுவதை விட, அவர்களுடைய ஒரு நாளை ஒழுங்காக வாழ்ந்து பார்ப்பதே நல்லது என்பேன்.

அமாவாசையன்று கஞ்சமலையில் கூட்டம் நிறைந்திருக்கும், மௌனம் கைகூடாது. ஆகவே மே மாதக் கோடை விழாவையும் விடுமுறை நாள்களையும் தவிர்த்து, சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில் ஓர் எளிய அறையை முதல்நாள் மாலையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளி, விரிப்பு, சிறிது திருநீறு, ஒரு செம்பு ஆகியவை போதும். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

எழ வேண்டியது பிரம்ம முகூர்த்தத்தில். அது சூரிய உதயத்துக்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி, இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்கள் நீடிக்கும், உதயம் 6.10 மணிக்கு என்றால் 4.34 முதல் 5.22 வரை. குளிர் தாங்காதவர்கள் வெந்நீரில் குளிப்பதில் பிழையில்லை. உடம்பைப் பேணுவதே உயிரைப் பேணுவது என்று கருதியவர்கள் சித்தர்கள், உடம்பை வதைப்பது அவர்கள் நெறியன்று. அந்நேரத்தில் மலையில் மழையே இல்லாவிட்டாலும், சில்வர் ஓக் மரத்து இலைகளில் தங்கிய பனி திரண்டு, கீழே காப்பிச் செடியின் மேல் ஒவ்வொரு சொட்டாக விழும் ஓசை கேட்கும். முதலில் பத்து நிமிடம் அதை மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். மூச்சு தானாகவே தணியும்.

பிறகு முதுகு நிமிர்ந்து அமர்ந்து, மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் சந்திரகலை, வலப்பக்கம் சூரியகலை. இரண்டும் மாறிமாறி ஓடும். திருமூலரின் திருமந்திரம் மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் இரேசகத்துக்கு 32 என்று மாத்திரைக் கணக்குச் சொல்கிறது; மாத்திரை என்பது ஒரு சிறு கால அளவு. அதைப் படித்துவிட்டு முதல் நாளே 64 மாத்திரை மூச்சை அடக்க முயல்கிறவர்களைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. அது குருவின் அருகிலிருந்து பல காலம் பழகியவர்களுக்கான அளவு. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. புதியவர்கள் நான்கு எண்ணும் வரை இழுத்து, எட்டு எண்ணும் வரை மெல்ல விட்டால் போதும். கால் மணி நேரம் அப்படிச் செய்துவிட்டு, எண்ணுவதையும் விட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருத்தல்தான் கடினம், அந்த நாளின் உயிரும் அதுவே.

உணவு இரண்டு வேளை. மலையாளி பழங்குடி மக்கள் இம்மலையில் காலங்காலமாக விளைவித்துவரும் சாமையைச் சோறாக்கி, ஒரு கீரை, சிறிது மோர் சேர்த்துக்கொள்ளலாம். அரை வயிறு சோறு, கால் வயிறு நீர், மீதி வெறுமை என்ற பழைய அளவைக் கடைப்பிடியுங்கள். உங்கள் கையால் சமைக்க முடிந்தால், கஞ்சமலைக் கதையை நினைத்துக்கொண்டு, அடுப்பை விட்டு மனம் அகலாமல் சமையுங்கள்.

பகலில் தூங்காமல், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள சேர்வராயன் கோயிலுக்குப் பேசாமல் நடந்து செல்லுங்கள். சேர்வராயனும் காவிரியம்மனும் இருக்கும் அக்குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். மலையாளி மக்களின் குலதெய்வ இடம் அது. அவர்கள் வழிபடும்போது ஒதுங்கி நில்லுங்கள். வழியில் காணும் செடிகளை மூலிகை என்று எண்ணிப் பறிக்கவோ, வாயில் இடவோ வேண்டாம். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம்.

அந்தியில் ஒரு விளக்கு, கால் மணி நேர அமர்வு, இருட்டுவதற்கு முன்பே இரண்டாம் வேளை உணவு. இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்; அப்படிப் படுத்தால் வலது நாசியில் சூரியகலை ஓடி, உண்டது செரிக்கும் என்பது சித்தர் கணக்கு.

மறுநாள் கீழிறங்கும்போது உடனே கைப்பேசியை எடுத்துவிடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்து அடிவாரத்தை அடையும் வரையிலாவது அந்த மௌனத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.